‘ஒன்றுமே வரவில்லை’ என்றால் எங்கே பார்ப்பது? மேசைக் கணினியின் மின்பழுதைத் தேடும் வழி

“பொத்தானை அழுத்தினேன், ஒன்றுமே வரவில்லை.” ஒரு பயிற்சிக் கூடத்தில் 32 மேசைக் கணினிகளைப் பதினோரு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். நேற்று மாலை வரை நன்றாக ஓடிய கணினியைப் பற்றித்தான் பெரும்பாலும் இப்படிச் சொல்வார்கள். கேட்டவுடன் நான் திருப்புளியை எடுப்பதில்லை. ‘ஒன்றுமே’ என்றால் என்ன என்று கேட்கிறேன். மின்விசிறி இம்மியும் அசையவில்லையா? அரை நொடி சுற்றிவிட்டு நின்றுவிட்டதா? விசிறி சுற்றிக்கொண்டே இருக்கிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா?

மூன்றும் வெவ்வேறு பழுதுகள். அசைவே இல்லையென்றால் மின்சாரம் வழியில் எங்கோ தடைபட்டிருக்கிறது, அல்லது ‘கிளம்பு’ என்ற கட்டளை போய்ச் சேரவில்லை. அசைந்து நின்றால் பெரும்பாலும் உள்ளே எங்கோ ஷார்ட் ஆகியிருக்கிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி, தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது. விசிறி ஓடி, திரை இருண்டிருந்தால் ரேமையும் (நினைவகம்) திரை இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் உதிரிபாகம் வாங்க ஓடுவதைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்த வேலைக்கு வந்த இரண்டாம் ஆண்டில் நானும் அதைச் செய்தேன். அவசரத்தில் மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைப் பலகையை, மாற்றினேன். பழுது எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்தது. ஒரு நல்ல பலகையை வீணாக்கிய வருத்தம் இன்றும் இருக்கிறது. அன்றிலிருந்து ஒரே ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறேன்: மின்சாரம் எந்த வழியாக வருகிறதோ, சுவரிலிருந்து தொடங்கி அதே வழியில் நானும் போவேன்.

அதற்கு முன் ஒரு காரியம். கணினியின் பின்புறம், எஸ்எம்பிஎஸ்ஸின் சல்லடையருகே முகர்ந்து பாருங்கள். கருகிய வாடை வந்தாலோ, பிளக்கைச் செருகியதும் வீட்டு மின்சாரமே துண்டிக்கப்பட்டாலோ அந்த எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மீண்டும் மின்சாரம் கொடுக்காதீர்கள். ‘இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம்’ என்ற எண்ணமே வேண்டாம்.

வாடை இல்லையா, சுவரிலிருந்து தொடங்கலாம். கணினி செருகியிருக்கும் அதே துளையில் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். பக்கத்துத் துளையில் எரிந்தால் போதாது. நடுவில் எக்ஸ்டென்ஷன் பெட்டியோ யுபிஎஸ்ஸோ இருந்தால் அதை விலக்கி, கணினியை நேராகச் சுவரில் செருகுங்கள். அடுத்தது மின்வடம். மானிட்டருக்கு வரும் வடமும் கணினிக்கு வரும் வடமும் பல வேளைகளில் ஒரே வகை முனை கொண்டவை. மானிட்டர் விளக்கு எரிகிறது என்றால் அந்த வடம் நல்லது. அதைக் கழற்றிக் கணினியில் மாட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. எங்கள் கூடத்தில் ‘செத்துப்போன’ கணினிகள் பல இந்த ஒரு மாற்றத்திலேயே எழுந்திருக்கின்றன. வடத்தின் முனை காலப்போக்கில் தளர்ந்துவிடுகிறது. துடைக்கும்போது பெட்டியைச் சற்று நகர்த்தினாலே தொடர்பு விட்டுப்போகும்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறத்தில் பெரும்பாலும் ஒரு சிறிய சுவிட்ச் இருக்கும். கோடு போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் இயக்கம், வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் நிறுத்தம். பழைய எஸ்எம்பிஎஸ்களில் 115, 230 என்று எழுதிய சிவப்பு நகர்த்தி ஒன்றும் இருக்கும். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115இல் இருந்து, மின்சாரமும் கொடுத்திருந்தால் எஸ்எம்பிஎஸ் போயிருக்க வாய்ப்பு மிக அதிகம்.

வெளியில் எல்லாம் சரியென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். இதை வெறும் நம்பிக்கை என்று சிலர் ஒதுக்குகிறார்கள், அப்படியன்று. மின்அழுத்தம் திடீரென ஏறியிறங்கும்போது எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொள்ளும். மின்சாரம் முழுவதும் வடிந்தால்தான் பூட்டு விடும். வடித்துவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள்.

அப்போதும் எழவில்லையென்றால் பெட்டியைத் திறக்க வேண்டும். திறக்குமுன், அந்தப் பொத்தானை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. மீதித் தேடல் முழுவதும் அதை வைத்துத்தான். 1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் முறைக்கு முன்பு, கணினியின் முன்பக்கச் சுவிட்ச் சுவர் மின்சாரத்தையே இணைத்துத் துண்டித்தது. ஏடிஎக்ஸில் அப்படியில்லை. பிளக் செருகியிருக்கும் வரை, கணினி அணைந்திருந்தாலும், எஸ்எம்பிஎஸ் ஊதாக் கம்பி வழியாக மதர்போர்டுக்கு 5 வோல்ட் அனுப்பிக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்துவது மதர்போர்டுக்குச் சொல்லும் ஒரு சொல் மட்டுமே. அதைக் கேட்ட மதர்போர்டு பச்சைக் கம்பியின் மின்அழுத்தத்தைச் சுழிக்கு (பூஜ்யத்துக்கு) இறக்கும். அதுதான் எஸ்எம்பிஎஸ்ஸுக்கான கட்டளை. எஸ்எம்பிஎஸ் கிளம்பி, எல்லா வோல்ட்டும் நிலைப்பட்டதும் சாம்பல் நிறக் கம்பி வழியாக ‘நான் தயார்’ என்று பதில் சொல்லும். அதன் பிறகுதான் பிராசசர் விழிக்கும். இந்த உரையாடலில் யார் பேசவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் வெறும் இரும்பைக் கையால் தொட்டுவிட்டு மூடியைக் கழற்றுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். அதிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் (மின்தேக்கி) பிளக்கைப் பிடுங்கிய பின்னும் 300 வோல்ட்டுக்கு மேல் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதைத் தவிர மற்ற இடங்களில் 12 வோல்ட்டுக்கு மேல் இல்லை.

முதலில் பொத்தானையே சந்தேகியுங்கள். பெட்டியில் அதிக முறை அழுத்தப்படும் பாகம் அதுதான். செய்திருப்பதோ மிக மலிவான பிளாஸ்டிக்கில். அதிலிருந்து வரும் மெல்லிய இரட்டைக் கம்பி மதர்போர்டின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, பிளக்கைச் செருகி, திருப்புளி முனையால் அந்த இரண்டு ஊசிகளை மட்டும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். கணினி கிளம்பினால் பழுது பொத்தானில். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்: ரீசெட் பொத்தானின் கம்பியைக் கழற்றி இந்த ஊசிகளில் மாட்டிவிட்டால் இனி அதுவே பவர் பொத்தான். எங்கள் கூடத்தில் நான்கு கணினிகள் ஆண்டுக்கணக்கில் அப்படித்தான் ஓடுகின்றன. இன்னொரு குறி: கணினி கிளம்பிச் சரியாக நான்கைந்து நொடியில் அணைந்தால், பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கலாம். நீண்ட நேரம் அழுத்தினால் அணைந்துவிட வேண்டும் என்பது மதர்போர்டுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கு. சிக்கிய பொத்தானை அது அப்படித்தான் புரிந்துகொள்கிறது.

ஊசிகளைத் தொட்டும் பயனில்லையா, இப்போது மல்டிமீட்டர், அதாவது மின்அழுத்தம் அளக்கும் கருவி. நேர்மின்னோட்ட (டிசி) 20 வோல்ட் அளவில் வையுங்கள். 24 பின் (ஊசி) கொண்ட பெரிய இணைப்பை மதர்போர்டிலிருந்து கழற்ற வேண்டாம். கறுப்பு முனையை ஏதேனும் ஒரு கறுப்புக் கம்பியின் பின்புறத் துளையில் செருகி, சிவப்பு முனையால் ஊதாக் கம்பியைத் தொடுங்கள். 4.75 முதல் 5.25 வரை காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸே பேசவில்லை, அல்லது மதர்போர்டு அதை ஷார்ட் செய்கிறது. இணைப்பைக் கழற்றி மீண்டும் அளந்தால் எது என்று தெரிந்துவிடும். ஊதா சரியென்றால் பச்சைக்குப் போங்கள். அணைந்த நிலையில் அதில் 3 முதல் 5 வோல்ட் வரை இருக்கும். சிவப்பு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, முன்போல் பொத்தானின் இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அளவு சுழியருகே விழுந்தால் மதர்போர்டு கேட்டுவிட்டது, எஸ்எம்பிஎஸ் பதில் சொல்லவில்லை. விழவே இல்லையென்றால் மதர்போர்டு கேட்கவே இல்லை. இந்த ஒரே அளவு, என் இரண்டாம் ஆண்டில் எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பலகை பிழைத்திருக்கும்.

மல்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி. பிளக்கைப் பிடுங்கி, எஸ்எம்பிஎஸ்ஸின் எல்லா இணைப்புகளையும் கழற்றி, ஒரு பழைய டிவிடி டிரைவையோ விசிறியையோ மட்டும் சுமையாக மாட்டுங்கள். பெரிய இணைப்பில் பச்சைத் துளையையும் பக்கத்திலிருக்கும் கறுப்புத் துளையையும் ஒரு காகிதக் கிளிப்பால் இணைத்த பிறகு மின்சாரம் கொடுங்கள். கம்பிகள் எல்லாமே கறுப்பாக இருந்தால் 16ஆம் பின்தான் பச்சை, இரு பக்கமும் உள்ள 15, 17 கிரவுண்ட், அதாவது கறுப்பு. கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கை வையுங்கள். சில நிறுவனங்களின் முழுக் கணினிகளில் வேறு வகை இணைப்பு வரும். அவற்றில் இந்தச் சோதனை வேண்டாம். சுமையாக மாட்டிய விசிறியோ டிரைவோ இயங்கவில்லையென்றால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. இயங்கினால் ‘கிளம்புகிறது’ என்று மட்டுமே பொருள். முழுச் சுமையைத் தாங்கும் என்பதற்கு அது சான்றாகாது.

விடுமுறை முடிந்து திறக்கும் நாளில்தான் எங்களுக்கு இந்தப் பழுது அதிகம் வரும். ஓடிக்கொண்டிருந்தவரை குறையே இல்லை. பத்து நாள் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போட்டால் எழாது. இதற்குக் காரணம் உண்டு. ஊதாக் கம்பிக்கு 5 வோல்ட் தரும் சிறிய சுற்று, பிளக் செருகியிருக்கும் எல்லா நேரமும், இரவும் பகலும், உழைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் மெல்ல மெல்ல உலர்கின்றன. சூடாக இருக்கும்வரை எப்படியோ சமாளிக்கும். முழுவதும் குளிர்ந்த பிறகு புதிதாகக் கிளம்பும் வலு அதனிடம் இருக்காது. ஆகவே பழுது ‘திடீரென்று’ வந்ததுபோல் தோன்றினாலும், பல மாதங்களாக வளர்ந்துவந்த ஒன்றுதான் அது. ஊதாவில் 5க்குப் பதில் 3, 4 என்று காட்டினால் இதையே சந்தேகிக்கிறேன்.

அரை நொடி அசைந்து நிற்கும் கணினிக்கு வேறு வைத்தியம்: கழற்றுவது. வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் முதலில் பிடுங்குங்கள். முன்பக்க யுஎஸ்பி துளைகளுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். யாரோ தலைகீழாக அழுத்திச் செருகியதில் உள்ளேயுள்ள தகடு வளைந்து இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்ததை இரண்டு முறை கண்டிருக்கிறேன். பிறகு கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், மற்ற எல்லாம். பிராசசர், அதன் விசிறி, ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், இவை மட்டும் மிஞ்சட்டும். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் பிளக் வெளியே இருக்க வேண்டும். இந்நிலையில் கிளம்பினால் ஒவ்வொன்றாக மாட்டிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். அப்போதும் நின்றால் மதர்போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அட்டைப் பெட்டியின் மேல் வைத்துச் சோதியுங்கள். கழன்று விழுந்த திருகு ஒன்று பலகைக்கு அடியில் கிடக்கலாம். பலகையைத் தாங்கும் பித்தளைக் கால்களில் ஒன்று துளையில்லாத இடத்தில் முட்டலாம். மதர்போர்டு வந்த பளபளப்பான உறையின் மேல் வைத்து மின்சாரம் கொடுக்கக் கூடாது. சில உறைகளின் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தும். பலகையில் உச்சி உப்பிய கெப்பாசிட்டர் தென்பட்டால் தேடல் அங்கேயே முடிந்தது.

விசிறி ஓடியும் திரை இருண்டிருந்தால்: பிராசசர் அருகே 4 அல்லது 8 பின் இணைப்பு மாட்டியிருக்கிறதா, மானிட்டர் வடம் கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேமைக் கழற்றி, இரு பக்கமும் ‘டக்’ என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். டிடிஆர்5 என்ற புதிய வகை ரேம் புதிதாகப் போட்டிருந்தால் முதல் முறை சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கும், பொறுத்திருங்கள்.

எஸ்எம்பிஎஸ் மாற்ற வேண்டியதுதான் என்று முடிவானால், ஓர் எச்சரிக்கை. கம்பிகளைத் தனித்தனியாகக் கழற்றி மாட்டும் வகையென்றால் பழைய கம்பிகளைப் புதியதில் பயன்படுத்தவே கூடாது. முனை பொருந்தும்; ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்தில் எந்தப் பின்னில் எத்தனை வோல்ட் என்பது எல்லா நிறுவனத்துக்கும் பொதுவானதன்று. பெட்டிக்குள் அழகாகக் கட்டியிருந்த கம்பிகளைக் கலைக்க மனமில்லாமல் நான் அப்படியே மாட்டினேன். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், ஹார்டு டிஸ்க்கின் சுற்றுப்பலகை கருகியது. அதில் ஒரு மாணவியின் மூன்று மாத வேலை இருந்தது.

அதனால் இப்போது மின்பழுது என்று தெரிந்தவுடன் முதலில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறேன். கணினி எழவில்லை என்பதால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளல்ல. பெரும்பாலும் அவை அப்படியே இருக்கின்றன. யுஎஸ்பி உறை ஒன்றில் போட்டு வேறு கணினியில் செருகினால் படித்துவிடலாம். வட்டை மறையாக்கம் (என்கிரிப்ட்) செய்திருந்தால் அதன் மீட்புக் குறியீடும் வேண்டும். கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கும்போதும் வட்டைக் கழற்றிக்கொண்டு கொடுங்கள். கூடவே ஒரு தாளில், விசிறி அசைந்ததா இல்லையா, ஊதாவில் எத்தனை வோல்ட், பச்சை விழுந்ததா என்று மூன்று வரி எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள்.