கள ஆய்வு முடிந்தது, இனி கட்டுரையை எப்படி எழுதி அனுப்புவது?

நேர்காணல்களைக் கேட்டு எழுதியாகிவிட்டது. கணக்கெடுப்பு எண்கள் எக்செலில் ஏறிவிட்டன. ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவதுதான் பாக்கி. முதல் முறை எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாதக்கணக்கில் தேங்கிவிடுகிறார்கள். சமூக சுகாதாரம், சமூகப் பராமரிப்பு சார்ந்த ஆய்வுகள் இப்படித் தேங்குவதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரை ஆண்டுக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற மனைவியோ மகனோ, தனக்குக் கிடைத்த ஒரு மணி நேர ஓய்வை நமக்குத் தந்து பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு நம் கணினியிலேயே கிடந்தால் நாம் அவருக்குக் கடன்பட்டவர்கள்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தரும் வரிசையை அப்படியே இங்கே தருகிறேன்.

படி 1: முதலில் ஒரே ஒரு வாக்கியம்

கோப்பைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரு வாக்கியம் எழுதுங்கள். இந்தக் கட்டுரையைப் படிக்கிற யார், நாளைக்கு எதை வேறு மாதிரி செய்ய முடியும்? அதற்கான பதில்தான் அந்த வாக்கியம்.

"முதியோரைப் பராமரிக்கும் குடும்பத்தினரின் அனுபவங்களை ஆராய்ந்தோம்" என்று எழுதினால் அது ஆய்வின் தலைப்பு. இன்னும் செய்தி ஆகவில்லை. இதை இப்படி மாற்றிப் பாருங்கள்: "மருத்துவமனையிலிருந்து முதியவர் வீடு திரும்பிய முதல் வாரத்தில், மாறிப்போன மருந்துகளைக் குடும்பத்தாருக்கு உட்கார்ந்து விளக்க யாரும் இல்லை, வீட்டுக்கு வரும் செவிலியர் தன் முதல் வருகையிலேயே அதைச் செய்ய முடியும்." இப்போது யாருக்கு எழுதுகிறோம், எந்த அட்டவணை வேண்டும், எது வேண்டாம் என்பதெல்லாம் தானாகத் தெரிய ஆரம்பிக்கும்.

என் முதல் கட்டுரை, அதைப் படித்து மதிப்பிடும் துறை வல்லுநர்களான ரிவியூவர்கள் கைக்குப் போகாமலேயே நான்கு நாளில் திரும்பி வந்தது. நாங்கள் நடத்திய ஒரு சேவையைப் பக்கம் பக்கமாக விவரித்திருந்தேன். வேறு ஊரில் வேலை செய்கிற ஒருவருக்கு அதில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. அன்றிலிருந்து இந்த ஒற்றை வாக்கியம் கைக்கு வராமல் எழுத உட்காருவதில்லை.

படி 2: இதழைத் தேர்ந்தெடுப்பது

எழுதி முடித்த பிறகு இதழைத் தேடுவது பெரும்பாலானோரின் வழக்கம். அப்படிச் செய்தால் வேலை இரட்டிப்பாகும். முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். நீங்கள் மேற்கோள் காட்டப்போகிற கட்டுரைகளில் எந்த இதழ் அடிக்கடி வருகிறது என்று எண்ணிப் பார்த்தாலே இரண்டு மூன்று பெயர்கள் கிடைத்துவிடும். அந்த இதழ்களின் நோக்கம், பரப்பு பற்றிய பக்கத்தைப் படியுங்கள். பிறகு கடந்த இரண்டு ஆண்டுகளின் தலைப்புகளைப் புரட்டுங்கள். மருத்துவமனைக்குள் நடக்கும் சிகிச்சையை மட்டும் பேசும் இதழுக்கு வீட்டுப் பராமரிப்பு ஆய்வை அனுப்பினால் எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் திரும்பி வரும்.

பணம் பறிப்பதற்கென்றே நடக்கும் போலி இதழ்களிடம் ஏமாந்துவிடாதீர்கள். உங்களைப் புகழ்ந்து மின்னஞ்சல் அனுப்பி, சில நாளில் வெளியிடுவதாக உறுதி தரும் இதழை விட்டு விலகிவிடுங்கள். 2003-இல் தொடங்கிய டிஓஏஜே என்ற திறந்த அணுகல் இதழ்களின் (யாரும் இலவசமாகப் படிக்கக்கூடியவை) பட்டியலிலும், 2015 முதல் இயங்கும் 'திங்க் செக் சப்மிட்' தளத்தின் கேள்விகளிலும் சரிபார்த்துக்கொள்ளலாம். கட்டணம் உண்டா, விலக்கு கேட்க வழி உண்டா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு கட்டணத்தைப் பார்த்துத் திகைப்பவர்கள் நிறையப் பேர். ஒரு நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டுமே அனுப்பலாம்.

இதழ் முடிவானதும் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியை அச்செடுத்து, கோடு போட்டுப் படியுங்கள். சொல் வரம்பில் மேற்கோள்களும் அட்டவணைகளும் சேருமா என்று குறிப்பாகப் பாருங்கள். நேர்காணல் ஆய்வில் பங்கேற்பாளர் பேச்சே ஆயிரம் சொல்லைத் தாண்டிவிடும்.

படி 3: உங்கள் ஆய்வு வகைக்கான சரிபார்ப்புப் பட்டியல்

எந்த வகை ஆய்வு என்றால் எதையெல்லாம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதற்கு உலகளவில் ஒப்புக்கொள்ளப்பட்ட பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் 2008-இல் தொடங்கிய ஈக்வேட்டர் வலையமைப்பின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கெடுப்பு போன்ற நோக்காய்வுகளுக்கு (நாம் எதையும் மாற்றாமல், இருப்பதைக் கவனித்துப் பதியும் ஆய்வுகள்) ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். ஏற்கெனவே வெளிவந்த ஆய்வுகளை முறையாகத் தேடித் தொகுத்து மதிப்பிடும் கட்டுரைக்கு பிரிஸ்மா 2020, 27 அம்சங்கள். நேர்காணல், குழு உரையாடல் ஆய்வுகளுக்கு கோரெக் (2007, 32 அம்சங்கள்) அல்லது எஸ்ஆர்க்யூஆர் (2014, 21 அம்சங்கள்). இரண்டில் எனக்குப் பிடித்தது எஸ்ஆர்க்யூஆர்தான். எல்லா நேர்காணல் ஆய்வையும் ஒரே அச்சில் வார்க்க அது வற்புறுத்துவதில்லை.

நோயாளிகளோ பராமரிப்பாளர்களோ உங்கள் ஆய்வைத் திட்டமிடுவதில் பங்கெடுத்திருந்தால், 2017-இல் வந்த கிரிப்-2 பட்டியலின் சுருக்க வடிவத்தைப் பாருங்கள். அதில் ஐந்தே அம்சங்கள்தான். இந்தத் துறையில் எடிட்டர்கள் அதை ஆவலோடு தேடிப் படிக்கிறார்கள்.

படி 4: முறையியலும் அட்டவணைகளும் முதலில்

முன்னுரையிலிருந்து தொடங்காதீர்கள். என்ன செய்தீர்கள் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும், அதையே முதலில் எழுதுங்கள். பிறகு அட்டவணைகள், முடிவுகள், முன்னுரை, விவாதம். ஆய்வுச் சுருக்கமும் தலைப்பும் கடைசி.

முறையியலில் புதியவர்கள் தவறவிடுவது களத்தின் விவரணை. 'சமூக சுகாதாரப் பணியாளர்' என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அந்தப் பெயரில் ஓரிடத்தில் சம்பளம் வாங்கும் அரசு ஊழியர் இருப்பார், இன்னோரிடத்தில் தன்னார்வலர் இருப்பார். எத்தனை நாள் பயிற்சி? யார் மேற்பார்வை? ஒருவர் எத்தனை வீடுகளுக்குப் போகிறார்? ஒரு வருகை எவ்வளவு நேரம்? இவை இல்லாமல் படிக்கிறவரால் உங்கள் முடிவைத் தன் இடத்தோடு பொருத்திப் பார்க்க முடியாது. ஒரு சேவையையோ பயிற்சியையோ சோதித்திருந்தால், டைடியர் பட்டியலின் 12 அம்சங்களையும் நிரப்பிப் பாருங்கள். எதைச் சொல்லாமல் விட்டோம் என்று உடனே தெரிந்துவிடும்.

நேர்காணல் ஒரு மொழியிலும் கட்டுரை இன்னொரு மொழியிலும் இருந்தால் யார் மொழிபெயர்த்தார், இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாரா, பகுப்பாய்வு எந்த மொழியில் நடந்தது என்று எழுதியே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பில் பொருள் நழுவும் சொல்லை மூலத்திலேயே வைத்து, அருகில் விளக்கம் கொடுங்கள்.

படி 5: முடிவுகள், எண்ணும் பேச்சும்

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. 20 பராமரிப்பாளர்களிடம் கேட்டதில் 8 பேர் தூக்கம் கெடுவதாகச் சொன்னார்கள். '40% பேருக்குத் தூக்கக் கோளாறு' என்று எழுதினால் அதில் இரண்டு தவறுகள். 20 பேர் என்பது மறைந்துவிட்டது; அவர்கள் சொன்னது ஒரு நோயாக மாறிவிட்டது. '20 பேரில் 8 பேர் தூக்கம் கெடுவதாகக் கூறினர் (40%, 95% நம்பக இடைவெளி 22 முதல் 61 வரை)' என்று எழுதுங்கள். நம்பக இடைவெளி என்பது உண்மையான விகிதம் எந்த எல்லைக்குள் இருக்கக்கூடும் என்பதற்கான மதிப்பீடு. அந்த அகலமான இடைவெளியைப் பார்த்ததுமே, எவ்வளவு நிதானமாகப் பேச வேண்டும் என்று நமக்கே புரிந்துவிடும்.

மேற்கோள்களுக்கு வருவோம். ஒவ்வொரு கருப்பொருளுக்கும் கீழே மூன்று மேற்கோள்களை அடுக்கிவிட்டு நகர்வது போதாது. மேற்கோளுக்கு முன்னாலோ பின்னாலோ, இதில் நீங்கள் என்ன கண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே குரலில் பேசியதாகக் காட்டாமல், மாறுபட்டுப் பேசியவருக்கும் இடம் கொடுங்கள்.

அடுத்து வருவதை எத்தனை முறை வேண்டுமானாலும் வலியுறுத்துவேன். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் அடையாளம் மறைந்துவிடாது. 'ஆண் செவிலியர், 58 வயது, தீவுச் சுகாதார நிலையம்' என்று மேற்கோளுக்குக் கீழே போட்டால், அந்தத் தீவில் இருக்கிற எல்லோருக்கும் அவர் யார் என்று தெரியும். மேலதிகாரியைப் பற்றி அவர் மனம் திறந்து சொன்ன வார்த்தை அந்த மேலதிகாரியின் திரையிலேயே போய் நிற்கும். 'செவிலியர், 50 வயதுக்கு மேல்' என்பதோடு நிறுத்துங்கள். ஒரே ஆளின் மேற்கோள்கள் நான்கைந்து இடங்களில் ஒரே எண்ணோடு வந்தால், அவற்றைச் சேர்த்துப் படிக்கும்போது என்ன வெளிப்படும் என்றும் பாருங்கள். நான் எல்லா மேற்கோள்களையும் ஆள்வாரியாகத் தனித்தாளில் ஒட்டி, அந்த ஊர்க்காரரின் கண்ணால் ஒரு முறை படிப்பேன்.

படி 6: விவாதம்

முதல் பத்தியில் முக்கியமான கண்டுபிடிப்பைச் சொல்லிவிடுங்கள். படி 1-இல் எழுதிய வாக்கியம் இங்கே உதவும். முன்பு வந்த ஆய்வுகளோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுபடுகிறது என்பது அடுத்தது.

ஆய்வின் வரம்புகளை எழுதும்போது 'மாதிரி சிறியது' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். அந்தக் குறை உங்கள் முடிவை எந்தப் பக்கம் இழுத்திருக்கும் என்று சொல்லுங்கள். குழு உரையாடலுக்கு வர முடிந்தவர்கள் யார்? நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் இருந்தவர்கள். தனியாளாகச் சுமப்பவர் வந்தே இருக்க மாட்டார். ஆகவே நீங்கள் கண்ட சுமை, உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகவே தெரிந்திருக்கும். இதை நேர்மையாக எழுதிய கட்டுரை மீது ரிவியூவருக்கு மதிப்பு கூடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 7: நெறிமுறையும் ஆசிரியர் பெயர்களும்

நெறிமுறைக் குழுவின் பெயர், ஒப்புதல் எண், பங்கேற்பாளர் சம்மதம் தந்த விதம் ஆகியவை கட்டாயம். விலக்கு கிடைத்திருந்தால் அதை அளித்தது யார் என்று எழுதுங்கள். 1964-இல் உருவான ஹெல்சிங்கி பிரகடனம் 2024-இல் திருத்தப்பட்டபோது, ஆய்வுக்கு உட்படுத்தப்படுபவர் என்ற பொருள் தந்த பழைய சொல்லை விட்டுவிட்டுப் 'பங்கேற்பாளர்' என்ற சொல்லை ஏற்றது. நாமும் அப்படியே எழுதுவோம்.

யார் பெயர் இடம்பெற வேண்டும் என்பதற்கு, 1978-இல் வான்கூவரில் கூடிய எடிட்டர்கள் குழுவிலிருந்து வளர்ந்த ஐசிஎம்ஜேஇ அமைப்பு நான்கு தகுதிகளைச் சொல்கிறது. ஆய்வின் வடிவமைப்பிலோ, தகவல் திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு. எழுதுவதிலோ ஆழமாகத் திருத்துவதிலோ பங்கு. இறுதி வடிவத்துக்கு ஒப்புதல். முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்றல். நான்கும் சேர்ந்து இருக்க வேண்டும். இதைக் காரணம் காட்டி, வெயிலில் வீடு வீடாக அலைந்து நேர்காணல் எடுத்தவரை 'எழுதவில்லையே' என்று ஒதுக்குவது அநியாயம். முதல் தகுதி உள்ளவருக்கு மற்ற மூன்றிலும் பங்கெடுக்க வாய்ப்புத் தர வேண்டும் என்று அந்த விதியே சொல்கிறது. வரைவை அவருக்கு அனுப்புங்கள், கருத்துக் கேளுங்கள். துறைத் தலைவர் என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரைச் சேர்க்காதீர்கள்.

சாட்ஜிபிடி போன்ற கருவிகளை ஆசிரியராகக் காட்டக் கூடாது என்று 2023-இலேயே அந்த அமைப்பு தெளிவாக்கிவிட்டது. பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று தெரிவிக்க வேண்டும். அவை தரும் மேற்கோள் சான்றுகளில் இல்லாத கட்டுரைகளும் கலந்து வரும்; நீங்கள் திறந்து படிக்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். சான்றுகளை ஒழுங்குபடுத்த ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் போதும். வெளியான பிறகு திரும்பப் பெறப்பட்ட கட்டுரை உங்கள் தொகுப்பில் இருந்தால் அதுவே எச்சரிக்கும்.

படி 8: அனுப்பும் நாள்

சுருக்கத்தை இப்போது எழுதுங்கள். பல இதழ்கள் 250 அல்லது 300 சொல்லுக்குள் கேட்கும். தலைப்பில் யாரிடம், எந்த முறையில் ஆய்வு என்பது தெரிய வேண்டும். கட்டுரையோடு எடிட்டருக்கு அனுப்பும் கவர் லெட்டர் ஒரு பக்கம் போதும்.

ஆசிரியர் அடையாளம் மறைத்துக் கேட்கும் இதழ் என்றால் பெயர்ப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்குங்கள். 'நாங்கள் முன்பு வெளியிட்ட ஆய்வில்' போன்ற வரிகளையும், நெறிமுறைக் குழுவின் பெயரையும் மறைக்க வேண்டியிருக்கும். வேர்ட் கோப்பின் பண்புகள் பகுதியில் உங்கள் பெயர் ஒளிந்திருக்கும், அதையும் நீக்குங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்கிட் என்ற 16 இலக்க எண் இல்லையென்றால் இலவசமாகப் பதிந்துகொள்ளுங்கள். இதழின் படிவம் கேட்கும்.

படி 9: பதில் வந்த பிறகு

'பெரிய திருத்தங்கள் தேவை' என்று வந்தால் அது நல்ல செய்தி. அன்றே பதில் எழுத வேண்டாம். இரண்டு நாள் கழித்து ரிவியூவரின் ஒவ்வொரு கருத்தையும் ஓர் அட்டவணையில் பிரித்து, எதிரே உங்கள் பதில், மாற்றிய வரி, பக்க எண் என்று போடுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத கருத்து இருந்தால் காரணத்தோடு, மரியாதையாக மறுக்கலாம். அவர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று தோன்றினால், உங்கள் வாக்கியம்தான் தெளிவாக இல்லை என்று எடுத்துக்கொண்டு அதைத் திருத்துங்கள். நிராகரிப்பு வந்தாலும் அந்தக் கருத்துகளை உள்வாங்கித் திருத்திவிட்டே அடுத்த இதழுக்கு அனுப்புங்கள். அதே ரிவியூவர் அங்கேயும் இருக்கலாம்.

ஏற்கப்பட்ட பிறகு அச்சுப்படி சரிபார்க்கச் சில நாள்களே கிடைக்கும். அட்டவணை எண்களையும் மேற்கோள்களையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். அதோடு ஒரு பக்கத்தில், கலைச்சொல் ஒன்றும் இல்லாமல், உங்களிடம் பேசியவர்களின் மொழியிலேயே முடிவுகளை எழுதுங்கள். அந்தத் தாளை நேர்காணல் எடுத்தவர் கையில் கொடுத்து, அதே வீடுகளுக்கு இன்னொரு முறை போய்ப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.