கண்ணாடி மலையும் ஒரு குரங்குக் கீறலும்: பிரச்சுவாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஜனவரியில் தாய்லாந்தின் பிரச்சுவாப் ஊரில், உச்சியில் கோயில் வைத்த காவோ சோங் கிரச்சோக் மலையின் அடிவாரத்தில் இளநீர் குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். இரண்டு பையன்கள் வந்தார்கள். பேச்சிலேயே தெரிந்துவிட்டது, கோவைப் பக்கம். ஒருவன் கையில் அன்னாசித் துண்டுகள் போட்ட பிளாஸ்டிக் கவர், இன்னொருவன் தலையில் கூலிங் கிளாஸ்.

"தம்பி, அந்தக் கவரை இங்கேயே வெச்சுட்டுப் போங்க" என்றேன்.

"ஏனுங்ணா, மருதமலையில பாக்காத கொரங்குங்களா?" என்று சிரித்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பல வருஷம் முன்னால் நானும் அதே படிக்கட்டில் அதே வசனத்தைச் சொன்னவன். நான் சொன்ன மலையின் பெயர் சோளிங்கர், அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கப்புறம் நாலு முறை இந்த ஊருக்கு வந்துவிட்டேன், இரண்டு முறை நண்பர் கூட்டத்தையும் கூட்டி வந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் பழைய முட்டாள்தனங்களை யாராவது புதிதாகச் செய்துகொண்டிருப்பதைப் பார்க்கிறேன். முட்டியும் தோளும் மூடி உடுத்துங்கள், செருப்பைக் கழற்றுங்கள், தண்ணீர் குடியுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஊரும் மாகாணமும் ஒரே பெயர்

பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 280 கிலோமீட்டரில் இருக்கும் சின்னக் கடற்கரை ஊர் பிரச்சுவாப் கீரி கான். அது இருக்கும் மாகாணத்துக்கும் அதே பெயர்தான். வினை அங்கேதான் ஆரம்பம். முன்பதிவுத் தளத்தில் அந்தப் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது ஹுவா ஹின் விடுதிகள், ஏனென்றால் ஹுவா ஹின்னும் அதே மாகாணம். ஆனால் அது 90 கிலோமீட்டர் வடக்கே, கூட்டமும் கடைகளுமாக இருக்கும் வேறு உலகம். என் நண்பர் ஒருவர் இப்படித்தான் மூன்று இரவுக்குப் பணம் கட்டிவிட்டு, பிரச்சுவாப் ஸ்டேஷனில் இறங்கி, விடுதிக்கு எவ்வளவு தூரம் என்று என்னிடம் கேட்டார். அடுத்த ரயிலில் திரும்பிப் போங்கள் என்று சொல்ல வேண்டியிருந்தது. விடுதிக்குப் பக்கத்தில் என்ன மலை இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

ஹுவா லம்போங்கில் போய் நிற்பது

2023 ஜனவரியிலிருந்து தெற்கே போகும் தொலைதூர விரைவு ரயில்கள் பாங்காக்கின் குருங் தேப் அபிவாட் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. பழைய ஸ்டேஷனான ஹுவா லம்போங் அழகாக இருக்கும். உங்கள் வண்டி அங்கே இருக்காது.

எதிரே தெரிகிற கடலில் குளிக்கலாம் என்று நினைப்பது

ஊருக்கு முன்னால் இருக்கும் வளைகுடாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பிறை போல வளைந்த கரை, மீன்பிடிப் படகுகள், நடுவில் பாறைத் தீவுகள். ஆனால் நீர் வற்றும் நேரத்தில் பாதி சேறாகக் கிடக்கும். கடலாட வேண்டுமென்றால் தெற்கே சில கிலோமீட்டரில் ஆவ் மனாவ் போக வேண்டும். மனாவ் என்றால் எலுமிச்சை. அந்தக் கடற்கரை தாய்லாந்து விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது. வாசலில் பதிவு செய்துகொள்ளச் சொல்வார்கள், அதனால் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு வந்து விழிக்காதீர்கள். போகும் பாதை ஓடுதளத்தையே குறுக்கே கடக்கிறது. 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை இறங்கியது இங்கேதான். சண்டையை நிறுத்தச் சொன்ன உத்தரவு பாங்காக்கிலிருந்து வந்து சேர மறுநாள் ஆகிவிட்டது, அதுவரை இந்தத் தளத்தில் இருந்தவர்கள் விடாமல் சண்டை போட்டிருக்கிறார்கள். இன்று அதே இடத்தில் குடும்பங்கள் பாய் விரித்துக் கோழி வறுவல் தின்கின்றன.

அஸ்தமனம் பார்க்க மலையேறுவது

கடல் கிழக்கே இருக்கிறது. விடியலில் ஏறுங்கள்.

கீறல்தானே என்று விட்டுவிடுவது

இதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மற்றதெல்லாம் ஒரு நாள் வீண், இரண்டாயிரம் மூவாயிரம் ரூபாய் நஷ்டம் என்பதோடு போகும். இது அப்படியில்லை.

கோயிலுக்குப் படிகள் 396 என்பது எல்லோரும் சொல்லும் கணக்கு. நான் எண்ண ஆரம்பித்து ஒரு முறைகூட முடித்ததில்லை, ஏனென்றால் நூறு படிக்குள் குரங்குகள் வந்துவிடும். நீண்ட வால் வைத்த மக்காக் குரங்குகள், நம் ஊர் நாட்டுக் குரங்கின் உறவு. உறவுதான் என்பதால்தான் நமக்கு அசட்டுத் தைரியம். அவற்றுக்குப் பழம் வேண்டுமா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. கவர் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், உள்ளே தீனி இருக்கிறது என்று முடிவு கட்டிவிடும். என் கவரில் இருந்தது ஒரு தண்ணீர் பாட்டிலும் கேமரா பேட்டரியும். குரங்கு ஒரு பக்கம் பிடித்தது. நான் விட்டிருக்க வேண்டும், இழுத்தேன். இந்த ஒரு இழுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. நாற்பது பாட் பெறாத பாட்டிலுக்கு ஒரு குரங்கோடு மல்லுக்கட்டினேன். மணிக்கட்டில் ஒரு கோடு, இரண்டு பொட்டு ரத்தம்.

பக்கத்தில் பூ விற்கும் பாட்டி உண்டிவில்லை எடுத்துக் காட்டினாள், கல் வைக்கக்கூட இல்லை, குரங்கு ஓடிவிட்டது. அப்புறம் என் கையைப் பார்த்து ஏதோ சொன்னாள். எனக்குத் தாய்லாந்து மொழி தெரியாது. சிரித்து, கும்பிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே ஏறினேன். அவள் ஆஸ்பத்திரியைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அரசு மருத்துவமனை அந்தச் சின்ன ஊருக்குள்ளேயேதான் இருக்கிறது. அன்று காலையிலேயே போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

நான் என்ன செய்தேன்? மறுநாள் ரயிலேறி சும்போன் போய், படகு பிடித்து கோ தாவ் தீவுக்குப் போனேன். கடலடி நீச்சல் வகுப்புக்கு முன்பணம் கட்டியிருந்தேன். அங்கே உடல்நலப் படிவத்தை நிரப்பும்போது பயிற்சியாளர் மணிக்கட்டைப் பார்த்தார். என்ன என்று கேட்டார். குரங்கு என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று மாலைதான் எனக்குப் பாடம் நடந்தது. ரேபிஸ் நாய்க்கு மட்டும் உரியதல்ல, பாலூட்டி எதுவானாலும் வரலாம். கிருமி ரத்தத்தில் ஓடுவதில்லை, நரம்பு வழியாக மூளையை நோக்கி மெல்ல ஏறுகிறது. அது போய்ச் சேருவதற்குள் தடுப்பூசி வேலை செய்துவிட வேண்டும். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆகவே செய்ய வேண்டிய முதல் காரியம் மிகச் சாதாரணமானது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. ஐந்து நிமிடம் போதாது, கைத்துணியால் துடைப்பது கணக்கிலேயே வராது. அடுத்தது, அன்றே தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால், முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர்களுக்கு, காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற, தயார் நிலையில் எதிர்ப்புப் பொருள் தரும் ஊசியும் வேண்டும். அதை உடல் எடைக்குத் தகுந்த அளவு போடுவார்கள். விலையைக் கேட்டால் எடையைக் குறைத்திருக்கலாமே என்று தோன்றும்.

நான் போன தீவு கிளினிக்கில் தடுப்பூசி இருந்தது, அந்த இன்னொரு மருந்து இல்லை. முன்பணம் போனது போனதுதான் என்று படகேறி, இரவு ரயிலில் பாங்காக் வந்து, தெரியாத ஊரில் கண்ணில் பட்ட தனியார் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தேன். நன்றாகத்தான் பார்த்தார்கள். ரசீதைப் பார்த்தபோது போக வர விமானச் சீட்டே அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. மருத்துவர் ரேபிஸோடு நிற்கவில்லை. இந்த வகைக் குரங்குகளிடம் ஹெர்பிஸ் பி என்றொரு கிருமியும் உண்டு, மனிதருக்கு வருவது அபூர்வம், வந்தால் கொடுமை என்றார். அன்று இரவு தூக்கமில்லை. அப்புறம் பயணக் காப்பீட்டுக்காரர்கள் கேட்டது ஒரே கேள்வி: சம்பவம் நடந்த அன்று மருத்துவர் கொடுத்த சான்று எங்கே? இல்லை. ஆகவே பணமும் இல்லை.

இதில் வயிறு எரிவது எதற்கென்றால், பாங்காக்கிலேயே இதற்கென்று பேர்போன இடம் ஒன்று இருக்கிறது: தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் சவோவபா நினைவு நிலையம். எல்லோரும் பாம்புப் பண்ணை பார்க்கப் போவார்களே, அதே வளாகம். விலங்குக் கடிக்கு வைத்தியம் அங்கே அன்றாட வேலை. குறைந்த தடுப்பூசி மருந்தைத் தோலுக்குள் செலுத்தும் தாய்லாந்து செஞ்சிலுவை முறை என்று உலகம் முழுக்கப் பேசப்படுவது அங்கே உருவானதுதான். நான் பாம்பு பார்க்க ஆசைப்பட்டிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன்.

எனக்கு எழுதிக் கொடுத்த அட்டவணை 0, 3, 7, 14, 28 ஆம் நாட்கள். கடைசி இரண்டு ஊசியும் ஊர் திரும்பி ஆரம்ப சுகாதார நிலையத்தில், இலவசமாக. நர்ஸ் அக்கா பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு "எந்தத் தெரு நாய்?" என்று கேட்டார். தாய்லாந்துக் குரங்கு என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு 'குரங்கு' என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

ஆகவே, கையில் எதுவும் வேண்டாம். கவர் வேண்டாம், தின்பண்டம் வேண்டாம், கண்ணாடியைத் தலையில் செருக வேண்டாம், போனை ஜிப் வைத்த பைக்குள் போடுங்கள். குரங்கு எதையாவது பிடித்தால் விட்டுவிடுங்கள். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. தோல் கிழிந்தால் அன்றைய திட்டம் முடிந்தது. குழாய், சோப்பு, ஆஸ்பத்திரி, சான்று. இந்த வரிசையில்.

எல்லாக் குரங்கும் ஒன்று என்று நினைப்பது

ஆவ் மனாவ் ஓரத்தில் காவோ லோம் முவாக் என்றொரு பாறைக்குன்று. அதன் அடிவாரத்தில் இருப்பவை வேறு சாதி: கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிறக் குரங்குகள், குட்டிகள் மட்டும் ஆரஞ்சு நிறம். சாது, இலை தின்னிகள். மலைக்கோயில் குரங்கிடம் அடிபட்டவர்கள் இவற்றைப் பார்த்து ஓடுவதையும் கண்டிருக்கிறேன், இவற்றோடு பழகிவிட்டு மறுநாள் மலைக்கோயிலில் கை நீட்டுவதையும் கண்டிருக்கிறேன். இரண்டாவதுதான் ஆபத்து.

ஐப்பசியில் போவது

அங்கேயும் அக்டோபர், நவம்பரில்தான் மழை கொட்டும். குடையோடு 396 படி வேண்டாம்.

"வெஜிடேரியன்" என்று சொல்லிப் பார்ப்பது

சுத்த சைவத்துக்கு அங்கே "ஜே" என்று சொல்லுங்கள். இல்லாவிட்டால் மீன் சாறு தாராளமாக வரும்.

படம் எடுத்ததும் இறங்கிவிடுவது

மேலே பொன் நிற உச்சி வைத்த சிறு கோயில். அடிவாரத்திலிருக்கும் வாட் தம்மிகாராம் மடாலயத்தைச் சேர்ந்தது. பெரிய சிற்ப வேலை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். கண்ணுக்கு விருந்து வெளியில்தான். கிழக்கே வளைகுடா முழுசாகத் தெரியும். மேற்கே திரும்பினால் நீல மலைத்தொடர், அந்தப் பக்கம் மியான்மர். இந்த ஊருக்குச் சற்றுத் தெற்கில் கடலுக்கும் எல்லைக்கும் நடுவே தாய்லாந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டராக மெலிந்துவிடுகிறது. குன்றின் ஒரு பக்கத்தில் பாறையைத் துளைத்து வானம் தெரியும் ஓட்டை இருக்கிறது, தூரத்திலிருந்து கண்ணாடி பதித்தது போலிருக்கும். கண்ணாடி மலை என்ற பெயர் அதனால் வந்தது.

தெற்கே அதே கரையோரம் வா கோ. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் அங்கே தெரியும் என்று அரசர் மோங்குட் தானே கணக்குப் போட்டு, விருந்தினரையும் அழைத்துக்கொண்டு வந்தார். கணக்கு பலித்தது. அதே நிழல்தான் அன்று குண்டூரையும் கடந்தது, அந்தக் கிரகணத்தின்போது வானியலாளர்கள் சூரிய விளிம்பின் ஒளியில் கண்ட மஞ்சள் கோட்டிலிருந்துதான் ஹீலியம் வாயுவின் கதை தொடங்குகிறது. ஆனால் வா கோவில் முகாமிட்ட அரசரை மலேரியா பிடித்தது. அக்டோபர் 1 அன்று இறந்துவிட்டார். அவர்தான் நான்காம் ராமா. அவர் பெயர் வைத்த சாலையில்தான் நான் போகாமல் விட்ட அந்த சவோவபா நிலையம் இருக்கிறது. மேலே உட்கார்ந்து தெற்கே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். அவருக்குக் கொசு, எனக்குக் குரங்கு.

இளநீரை முடித்துவிட்டு நான் கிளம்பப் போன நேரத்தில் கோவைப் பையன்கள் இறங்கி வந்தார்கள். கவரைக் காணோம், கூலிங் கிளாஸையும் காணோம். ஒருவன் வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்திருந்தான்.

"கையைக் காட்டுங்க தம்பி" என்றேன்.

"சும்மா நகம் பட்டுதுங்ணா."

கடைக்காரம்மாவிடம் சோப்பு வாங்கிக்கொண்டு குழாய்ப் பக்கம் கூட்டிப் போனேன். மூன்று நிமிடத்தில் போதுமா என்று கேட்டான். இன்னும் 12 இருக்கிறது என்று வாட்சைக் காட்டினேன்.