டிவிடியின் முகப்பில் குறைந்த செலவில் படம் அச்சிடுவது எப்படி?

திருமணப் பதிவோ பாட்டுப் பள்ளியின் ஆண்டு விழாவோ, டிவிடியாகக் கொடுக்கும்போது அதன் முகப்பில் படமும் பெயரும் தேதியும் இருந்தால்தான் வாங்குபவர் அதைப் பத்திரப்படுத்துவார். இதற்காகப் புதிய பிரிண்டர் வாங்க வேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை.

முதலில் எத்தனை பிரதிகள் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் தயாரிக்க வேண்டும் என்பதால், ஆயிரம் பிரதிகளுக்குக் கட்டுப்படியாகும் அந்த முறை இருபது பிரதிகளுக்குக் கட்டுப்படியாகாது. பெயர் மட்டும் போதுமென்றால் நீர் சார்ந்த மை கொண்ட, முனை மென்மையான மார்க்கரே போதும். பால்பாயிண்ட் பேனா வேண்டாம். டிவிடிக்குப் பதில் சிடியாகக் கொடுப்பதானால் இன்னும் கவனம் தேவை: சிடியில் தகவல் பதியும் அடுக்கு மெல்லிய வார்னிஷ் பூச்சுக்கு அடியில், முகப்புப் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே விழும் கீறல் பதிவையே அழித்துவிடும்.

ஸ்டிக்கர் மலிவுதான், ஆனால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். 52 மடங்கு வேக டிரைவில் சிடி நிமிடத்துக்குச் சுமார் 10,000 முறை சுழல்கிறது. ஸ்டிக்கர் ஓரிரு மில்லிமீட்டர் விலகி ஒட்டப்பட்டாலே டிஸ்க் அதிர்கிறது. நான் ஒட்டிய ஒன்று, கோடை வெப்பத்தில் ஓரம் சுருண்டு, டிரைவுக்குள்ளேயே உரிந்துகொண்டது.

பத்து முதல் நூறு பிரதிகள் வரை, மையை நுண்துளிகளாக டிஸ்க்கின் மேலேயே தெளித்து அச்சிடும் இங்க்ஜெட் முறையே சிறந்தது. எப்சன் எல்805 போன்ற பிரிண்டர்களில் டிஸ்க்கை வைக்கத் தனி ட்ரே உண்டு. பிளாஸ்டிக் அடையாள அட்டை அச்சிடும் ஜெராக்ஸ் கடைகள் பலவற்றில் இதே பிரிண்டர்தான் இருக்கிறது. ஆகவே, டிஸ்க்குகளை நீங்களே வாங்கிக் கொடுத்து, அச்சுக்கூலி மட்டும் எவ்வளவு என்று அங்கே விசாரியுங்கள். பிரிண்டருடன் வந்த டிஸ்க் ட்ரே இன்னும் அவர்களிடம் இருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டிஸ்க் வாங்கும்போது உறையில் ‘இங்க்ஜெட் பிரிண்டபிள்’ என்று இருக்க வேண்டும். சாதாரண டிஸ்க்கில் மை ஊறாமல் விரல் பட்டதும் வழிந்துவிடும். ‘ஹப் பிரிண்டபிள்’ வகையில் நடுத்துளையை நெருங்கி அச்சிடலாம் என்பதால், சிறிது கூடுதல் விலையானாலும் அதையே வாங்குங்கள்.

அச்சிடும் முன்பே வீடியோவைப் பதிந்து, ஓடவிட்டுப் பாருங்கள். பதிவில் கெட்டுப்போன டிஸ்க்கை எறிய வேண்டாம். அச்சைச் சோதிக்க அதுவே உதவும்.

வடிவமைப்பை 120 மி.மீ. சதுரத்தில், 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்), அதாவது ஏறத்தாழ 1,417 பிக்சல் அகலத்தில் தொடங்குங்கள். ஹப் பிரிண்டபிள் டிஸ்க்கில் பொதுவாக 23 மி.மீ. உள்விட்டத்திலிருந்து 118 மி.மீ. வெளிவிட்டம் வரை அச்சு விழும். உறையில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: மணமக்களின் படத்தை நடுவில் வைத்தால் துளை முகத்திலேயே விழுகிறது. முகங்களை மேல் பாதியிலும், பெயரையும் தேதியையும் கீழ்ப் பாதியிலும் அமையுங்கள். எழுத்துகள் வெளி விளிம்பிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது உள்ளே தள்ளி இருக்கட்டும்.

கெட்ட டிஸ்க்கில் ஒன்று அச்சிட்டு, படம் ஒரு பக்கம் ஒதுங்கினால் மென்பொருளில் இடத்தை நகர்த்திச் சரிசெய்துவிட்டு மற்றவற்றை அச்சிடுங்கள். முடிந்ததும் டிஸ்க்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், வெயில் படாத இடத்தில் தனித்தனியே பரப்பி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டு உறையில் போடுங்கள்.