ஐரோப்பாவில் பல நகரங்கள்: பயணச்சீட்டு எடுக்கும் முன்

வெளிநாட்டிலிருந்து சென்று ஐரோப்பாவில் நான்கைந்து நகரங்களைச் சுற்றிப்பார்க்க நினைப்பவர்கள், இறங்கிய ஊருக்கே திரும்பி வந்து விமானம் ஏறும்படி சீட்டு எடுக்காமல், பாரிஸில் இறங்கி ரோமிலிருந்து கிளம்புவதுபோல 'மல்டி சிட்டி' பிரிவில் தேடிப் பார்ப்பது நல்லது. பல வேளைகளில் கட்டணம் பெரிதாகக் கூடுவதில்லை. கிட்டத்தட்ட ஒரு நாள் மிச்சமாகும்.

ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கான யூரெயில் பாஸ் (பல ரயில்களில் பயணிக்க உதவும் ஒரே அனுமதிச்சீட்டு) 33 நாடுகளில் செல்லுபடியாகும் என்றாலும், பிரான்சின் அதிவேக ரயிலான டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள், லண்டனைப் பாரிஸ் போன்ற நகரங்களுடன் இணைக்கும் யூரோஸ்டார் ரயில் ஆகியவற்றில் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்டியே ஆக வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து நாடுகளின் பெரும்பாலான பகல் ரயில்களுக்கு இது தேவையில்லை. மொத்தமே மூன்று ரயில் பயணம்தான் என்றால், பாஸைவிட முன்கூட்டியே வாங்கும் தனிச் சீட்டுகளையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பலர் கவனிக்கத் தவறுவது நிலையத்தின் பெயரை. லண்டனிலிருந்து வரும் யூரோஸ்டார் பாரிஸில் கார் து நோர் நிலையத்தில் நிற்கும். லியோன் நகருக்கான டிஜிவியோ கார் த லியோன் நிலையத்திலிருந்து புறப்படும். பாரிஸின் புறநகர் ரயிலான ஆர்இஆர் டி தடத்தில், கார் து நோரிலிருந்து அது இரண்டாவது நிறுத்தம்தான். ஆனாலும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மாறுவதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மலிவு விமானங்களிலும் இதே கதைதான்: 'பாரிஸ்' என்று சீட்டில் இருந்தாலும், அவற்றில் சில இறங்கும் போவே விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 85 கி.மீ. தள்ளி இருக்கிறது.