கிராம சபைக்குப் புதிதாகப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் 2022 முதல் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இப்போதெல்லாம் ஏரி, குளத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று கூட்டத்துக்கு இளைஞர்கள் வருகிறார்கள், சந்தோஷம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் சறுக்கிய அதே இடத்தில் அவர்களும் சறுக்குகிறார்கள். கத்தக் கூடாது, சண்டை போடக் கூடாது என்பதெல்லாம் சொல்லாமலே தெரியும். மற்றவை இங்கே.

எழுதாத தீர்மானத்துக்குக் கையெழுத்து

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். கூட்டம் தொடங்கியதுமே தீர்மான நோட்டு சுற்றுக்கு வரும், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். 500 பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர் வந்தாக வேண்டும். அந்த எண்ணிக்கை சேர்ந்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களைத் தேட மாட்டார்கள்.

ஒரு ஊரில் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி ஒரு மணி நேரம் அனல் பறக்கப் பேசினார்கள். கைதட்டல், டீ, கலைந்தாயிற்று. பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில் "தீர்மானம் எங்கே?" என்று கேட்டார்கள். நோட்டில் இருந்தது ஒரே வரி: 'நீர்நிலைப் பாதுகாப்பு குறித்து விவாதிக்கப்பட்டது.' புல எண் (சர்வே நம்பர்) இல்லை, யார் அளக்க வேண்டும் என்று இல்லை. கீழே மட்டும் எல்லாருடைய கையெழுத்தும் பத்திரமாக இருந்தது. மறுத்துப் பேசவும் வழியில்லை. அடுத்த கூட்டம் வருவதற்குள் கரையில் புதுச் சுவர் எழும்பிவிட்டது.

அதனால் தீர்மானத்தை வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள். புல எண், செய்ய வேண்டிய அலுவலர், கெடு மூன்றும் இருக்கட்டும். "அப்புறம் எழுதிக்கிறேன், நேரமாச்சு" என்பார் ஊராட்சி செயலாளர். சரி என்று எழுந்துவிடாதீர்கள். நோட்டில் ஏற்றி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி நகல் கேட்கலாம், 30 நாளில் தர வேண்டும். ஆனால் நோட்டில் ஏறாதது நகலில் எப்படி வரும்?

வெளியூர்க்காரர் மைக் பிடிப்பது

அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் கிராம சபை. வெளியூர்த் தன்னார்வலர் எழுந்து பேசினால், பேச்சு ஏரியை விட்டு 'நீ யார் கேட்க?' என்பதில் போய் நிற்கும். பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுங்கள்.

பேனரில் தன்னார்வ அமைப்பின் பெயர்

வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் தலைவரை வறுத்தெடுப்பது

40 ஹெக்டேருக்கு மேல் பாசனப்பரப்பு உள்ள ஏரிகள் பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கின்றன, சின்ன ஏரிகள் ஊராட்சி ஒன்றியத்திடம். ஆக்கிரமிப்பை அளக்க வருவாய்த் துறை வர வேண்டும். ஊராட்சித் தலைவர் நினைத்தாலும் தனியாக ஒன்றும் நகராது. சில தலைவர்கள் கலெக்டர் ஆபீசில் போய்க் கேட்பதற்கு ஒரு காகிதம் கிடைக்காதா என்று காத்திருக்கிறார்கள். புல எண்ணோடு எழுதிய தீர்மானத்தைக் கொடுத்துப் பாருங்கள், எடுத்துக்கொண்டு அவரே கிளம்புவார்.