பன்னிரண்டு நாளுக்கு ஒரு மாத பில்

குலசேகரத்தில் அம்மா வீட்டுக்கு ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு ஜூன் 19 அன்று உயிர் பெற்றது. மாத இறுதியில் வந்த முதல் பில் 708 ரூபாய்: வாடகை 600, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி. பில் காலம் என்ற இடத்தில் ஜூன் 19 முதல் 30 வரை என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். 12 நாளுக்கு முழு மாத வாடகை! பென்ஷனில் ஓடும் வீடு அது, எனக்குக் கோபம் வந்தது நியாயம்தானே.

கணக்கு எளிது. 600-ஐ 30-ஆல் வகுத்து 12-ஆல் பெருக்கினால் 240. வரியோடு 283.20. அதிகம் வாங்கியது 424.80.

தாமதக் கட்டணம் விழக்கூடாது என்று முதலில் முழுத்தொகையையும் கட்டினேன். அப்புறம் சேவை மையத்துக்குப் போன் செய்தேன். "முதல் மாதம் அப்படித்தான் சார் வரும்" என்றார்கள். திட்ட விவரத்தில் அது எங்கே இருக்கிறது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புகார் எண்ணை மட்டும் விடாமல் வாங்கிக்கொண்டேன். அது இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது. புகாரைச் சும்மா மூடிவிட்டதால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதினேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி உள்ள ஏற்பாடு இது, கட்டணம் கிடையாது. இணைப்பு தொடங்கிய எஸ்எம்எஸ், பில், என் கணக்கு மூன்றையும் சேர்த்தேன்.

அடுத்த பில்லில் 360 கழித்திருந்தார்கள். வரியை விட்டுவிட்டார்கள். மறுபடி எழுதியதும் மீதி 64.80-ம் வந்தது.