காது கேளாத கைதிக்குக் கருணை மனு: சேலத்துக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“தெரியாமல் செய்த குற்றத்தை மன்னித்து விடுதலை செய்யும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன்.” காசு கொடுத்து எழுதி வாங்கும் கருணை மனுக்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. செய்யாத குற்றத்துக்காகச் சேலம் மத்திய சிறையில் இருப்பவரின் மனுவில் இதைவிடக் கெடுதலான வரி கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவே கோப்பில் ஏறிவிடும்.

கருணை மனுவில் ‘நிரபராதி’ என்று வாதாட முடியாது என்று பலர் நம்புகிறார்கள். தாராளமாக வாதாடலாம். கருணை மனுவைப் பரிசீலிக்கும் குடியரசுத் தலைவர் சாட்சியங்களைத் தாமே ஆராய்ந்து, நீதிமன்றத்திலிருந்து மாறுபட்ட முடிவுக்கு வரலாம் என்று கேஹர் சிங் வழக்கில் (1989) உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின் 161ஆவது பிரிவில் ஆளுநருக்கு இருப்பதும் அதே வகை அதிகாரம்தான். ஆனால் நேரில் போய்ப் பேசும் உரிமை கிடையாது என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. சொல்ல வேண்டியதெல்லாம் தாளில் இருந்தாக வேண்டும்.

அந்தத் தாளில் எதை வைப்பது என்பதில்தான் பெரிய தவறு நடக்கிறது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் வயதான தாயின் போட்டோவையும் வைத்துவிட்டு அனுப்புகிறார்கள். படிக்கும் அதிகாரிக்குப் பரிதாபம் வரலாம். ஆனால் தீர்ப்பில் சந்தேகம் வராது. விசாரணையில் நடந்தது எதுவும் இவருக்கு எட்டவே இல்லை என்பதை வழக்குக் கட்டிலிருந்தே எடுத்துக் காட்ட வேண்டும். கைது செய்தபோது, வாக்குமூலம் வாங்கியபோது, ரிமாண்டுக்கு அழைத்துப் போனபோது, செஷன்ஸ் கோர்ட்டில் நிறுத்தியபோது, இவருக்குச் சைகையில் விளக்கியது யார்? சான்றிட்ட நகல்களை வாங்கி இதை ஒவ்வொரு கட்டமாகத் தேடுங்கள்.

குறிப்பாக, சாட்சிகள் முடிந்ததும் நீதிபதி எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், கேட்கும் கேள்விகளின் தாளைப் பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 313ஆவது பிரிவில் கேட்ட கேள்விகள் அவை. வரிசையாகக் கேள்வி, எதிரே ‘பொய்’, ‘தெரியாது’ என்று டைப் அடித்திருக்கும். பள்ளிக்கூடமே போகாத, ஏற்காட்டு மலைக் கிராமத்தில் வீட்டுச் சைகையோடு மட்டும் வளர்ந்த ஒருவரிடமிருந்து அந்தப் பதில் எப்படி வந்தது? சைகை மொழிபெயர்ப்பாளரின் பெயரோ கையெழுத்தோ அந்தத் தாளில் இல்லையென்றால் அதுவே உங்கள் மனுவின் முதுகெலும்பு.

எதிரிக்கு நடவடிக்கைகள் புரியவில்லை என்றால், தண்டித்த நீதிமன்றம் அதை அறிக்கையோடு உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 318ஆவது பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி உண்டு. அப்படி அனுப்பினார்களா என்று கேட்காத குடும்பங்கள்தான் அதிகம் என்பது என் வருத்தம்.

பெயர்ப்பாளர் இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். பேச முடியாத சாட்சிக்குப் பெயர்ப்பாளராக வருபவர் வழக்கில் எந்த ஆதாயமும் இல்லாதவராக இருக்க வேண்டும், உறுதிமொழி எடுக்க வேண்டும், காட்டிய சைகையும் பதிவாக வேண்டும் என்று தர்ஷன் சிங் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சாட்சிக்குச் சொன்னது. எதிரிக்கு அதைவிடக் குறைவாகப் போதும் என்று யார் சொல்ல முடியும்? நிலத் தகராறில் எதிர்ப்பக்கம் நின்ற பங்காளியே சைகை சொன்னார் என்றால் அதை எழுதுங்கள்.

இதே தவறை நாமும் செய்கிறோம். மனுவைக் காட்டினோம், தலையாட்டினார், கைநாட்டு வாங்கிவிட்டோம் என்கிறார்கள். தலையாட்டினால் தொல்லை விடும் என்று சின்ன வயதிலிருந்து பழகியவர் அவர். ‘இல்லை’ என்பதே சரியான பதிலாக வரும் ஒரு கேள்வியை நடுவில் கேட்டுப் பாருங்கள். அதற்கும் தலையாட்டினால், மனுவில் இருப்பது அவருக்குப் புரியவில்லை. இந்தியச் சைகைமொழி தெரிந்தவரோடு, அவருடைய வீட்டுச் சைகை தெரிந்த ஒருவரும் கூட இருக்க வேண்டும். தடுப்புக்கு அப்பால் நின்றோ போன் ரிசீவர் வழியாகவோ இந்த வேலை நடக்காது. எதிரெதிரே உட்கார்ந்து பேச அனுமதி வேண்டும் என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கருணை மனு போட்டுவிட்டு மேல்முறையீட்டை விடுவதும் தவறு. உயர் நீதிமன்றத்துக்குப் போக 60 நாள். தாண்டியிருந்தால் தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். தண்டனைக் குறைப்பு கிடைத்தால் வெளியே வரலாம், ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். மேல்முறையீட்டில் கிடைக்கும் விடுவிப்பு ஒன்றுதான் அதைத் துடைக்கும் நேர்வழி. வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். சிறையில் இருப்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தரச் சொல்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100க்குப் போன் செய்யுங்கள்.

ஆயுள் தண்டனையில் 14 வருஷம் முடியட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. ஆளுநரின் அதிகாரத்துக்கு அந்தக் கணக்கு தடையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தெளிவாக்கிவிட்டது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுப்பதோடு நிற்பதும் வீண். அவருக்கு விடுதலை செய்யும் அதிகாரம் இல்லை. சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்புங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

மனு தள்ளுபடியானால் உயர் நீதிமன்றத்தில் கேள்வி கேட்க வழி இருக்கிறது, ஆனால் குறுகிய வழி. முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமலே முடிவெடுத்தார்கள் என்பது அதில் ஒரு காரணம். அந்த ஆவணத்தை முதல் மனுவிலேயே வைத்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.